பொறுக்கி எடுத்த ரிவால்வர்

ஏழாவது குண்டைப் பற்றி எனக்கு ஒரு கார்டு வந்தது.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகையில், 1857-ஆம் வருஷத்துக் கலகத்தைப் பின்னணியாக வைத்துத் தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது அத்தியாயம். கான்பூருக்குப் பக்கத்தில் பாழடைந்த மாந்தோப்பு ஒன்றில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன், தன்னை வளைத்துக்கொண்ட சிப்பாய்களைச் சுட்டபடியே பின்வாங்குகிறான். கையில் கோல்ட் ரிவால்வர். ஆறு தடவை சுடுகிறான். பிறகு ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, 'சட்டென்று தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு' - இவை என் வார்த்தைகளே - ஏழாவது தடவை சுடுகிறான். அந்த ஏழாவது குண்டில் விழுகிறவன் ராம்தீன். பத்தொன்பது வயசு. பதினேழு அத்தியாயமாக நான் கூடவே நடந்து வந்த பையன். அவனைச் சாகடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தியாயம் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியும் கூடவே இருந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வரும்.

கார்டில் ஐந்தே வரி. "ஐயா, 1857-இல் கோல்ட் ரிவால்வருக்குத் தாங்கள் நினைக்கிற தோட்டா கிடையாது. மருந்து, குண்டு, கேப்பு மூன்றும் தனித்தனி. தங்கள் அதிகாரி அதைக் கெட்டித்து முடிப்பதற்குள் ராம்தீன் சுவரேறிக் குதித்து அவன் கழுத்தைப் பிடித்திருப்பான். அவன் செத்திருக்க நியாயமில்லை. தயவுசெய்து விசாரிக்கவும்."

முதலில் கோபம்தான் வந்தது. இது கதை, ஆயுதசாலைக் கணக்கு அல்ல என்று பதில் எழுதக் காகிதத்தை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த மனிதர் குறை சொன்னது துப்பாக்கியைப் பற்றி அல்ல. ராம்தீனின் சாவைப் பற்றி. மீதி இருபது அத்தியாயமும் அந்தச் சாவின் மேல் நிற்கப்போகிறவை. அடித்தளத்தில் ஒரு செங்கல் இல்லை என்று ஒருவர் சொன்னால், 'மாடி அழகாக இருக்கிறதே' என்று பதில் சொல்ல முடியுமா?

கெட்டிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலும் இல்லை. சின்ன வயசில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நரிக்குறவர் ஒருவர் தம் துப்பாக்கியைக் கெட்டிப்பதை நாங்கள் பையன்கள் சூழ நின்று பார்ப்போம். குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டுவார். தேங்காய் நாரைச் சுருட்டித் திணிப்பார். கஜக்கோலால் இடிப்பார். ரவையைப் போடுவார். மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் மடியிலிருந்து ஒரு செப்புக் கேப்பை எடுத்து, குதிரைக்குக் கீழே இருக்கும் சின்னக் காம்பில் குல்லாய் மாதிரி மாட்டுவார். தீபாவளிக்குப் பையன்கள் சுடுகிற பொட்டுக் கேப்பின் மூத்த அண்ணன் அது. இத்தனையும் ஆவதற்குள் கொக்கு எதிர்க்கரைக்குப் போயிருக்கும். எங்களுக்குத்தான் பதற்றம், அவருக்கு இல்லை. "வரும் சாமி" என்று உட்கார்ந்திருப்பார்.

கோல்ட் என்ற அமெரிக்கர் 1836-இல் தம் நாட்டில் பேட்டன்ட் வாங்கியது, இந்தக் காரியத்தையே ஐந்தாறு மடங்காக்கிக் கைக்குள் அடக்கும் ஒரு யந்திரத்துக்கு. அவர் 1851-இல் கொண்டுவந்த 'நேவி' என்ற ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். என் அதிகாரியிடம் இருந்தது அதுதான். லண்டனிலேயே 1853 முதல் 1856 வரை கோல்ட் ஒரு தொழிற்சாலை நடத்தினார். சுழலும் உருளையில் ஆறு அறை. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தாராளமாகச் சுற்றும். ஒவ்வோர் அறையிலும் மருந்தை அளந்து கொட்ட வேண்டும். அறையின் வாயைவிட ஒரு மயிரிழை பெரிதான ஈயக் குண்டை வைக்க வேண்டும். குழலுக்கு அடியில் மடிந்திருக்கும் நெம்புகோலால் அதை உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தும்போது குண்டின் ஓரம் மோதிரம் போலச் சீவிக்கொண்டு வந்தால் அறை நன்றாக அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் மேல் கொழுப்பைப் பூசுவது உண்டு. இல்லாவிட்டால் ஓர் அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்குத் தாவி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று அறைகள் வெடித்துச் சுட்டவன் கையையே பதம் பார்க்கக்கூடும். பிறகு உருளையைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்துக் காம்புகளில் கேப்புகளை மாட்ட வேண்டும். மருந்தும் குண்டும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிய பொட்டணங்களும் அந்தக் காலத்தில் விற்றன. அவை வேலையைக் கொஞ்சம் சுருக்கும், அவ்வளவே. அழுத்துவதும் கேப்பு மாட்டுவதும் இருக்கவே இருக்கின்றன. மேஜையில் சாவகாசமாகச் செய்தால் சில நிமிஷம். நாலு பேர் கத்தியோடு வருகிறபோது எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகுகிற பெரிய ரிவால்வர் அமெரிக்காவில் ஏன் தாமதமாக வந்தது என்றால், அதற்குக் காரணம் யந்திரம்கூட அல்ல, வக்கீல்கள்தான். முன்னும் பின்னும் துளைத்த உருளைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-இல் பேட்டன்ட் வாங்கி, அந்த உரிமையை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். 1869-இல் அது காலாவதியாகும் வரைக்கும் கோல்ட் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுக்க, 1861 முதல் 1865 வரை, ரிவால்வர் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மருந்தும் கேப்புமாகவே போராடினார்கள்.

இனி, இந்த ரகத் துப்பாக்கி ஒன்று கதைக்கோ படத்துக்கோ வேண்டும் என்றால் எதைப் பொறுக்குவது? நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. நானோ என் வாசகர்களோ கடைக்குப் போய்ப் பேரம் பேசப்போவதில்லை. ஆனால் கதை எழுதுகிறவன் மனசுக்குள் அந்தக் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அங்கே மேஜை மேல் இருப்பவை பெரும்பாலும் அசல் அல்ல, நகல்கள். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் வர இருந்த சமயத்தில், அமெரிக்க வியாபாரியான வால் ஃபர்ஜெட் இத்தாலியில் ப்ரெஷியாவுக்குப் பக்கத்திலுள்ள கார்தோனே என்ற ஊருக்குப் போனார். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் கொல்லர்கள் வாழும் பள்ளத்தாக்கு அது. அவர்களில் ஒருவர் ஆல்டோ உபெர்ட்டி. நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்க ரிவால்வரை இத்தாலிய உலைகள் மறுபடி வார்க்கத் தொடங்கின. இன்று உபெர்ட்டி, பியெட்டா என்ற பெயர்களைத் தாங்கி உலகமெல்லாம் போகின்றன. வெடிக்கும் நகல்கள், பொம்மைகள் அல்ல.

இந்த நகல்களில் எனக்கு மிகவும் ருசித்த விஷயம் அவற்றின் பொய்கள். மஞ்சளாகப் பளபளக்கும் பித்தளைச் சட்டத்தோடு, .44 அளவில், '1851 நேவி' என்ற பெயரில் ஒரு ரிவால்வர் விற்கிறது. விலையும் குறைவு. பார்த்தவுடன் அதைத்தான் எடுக்கத் தோன்றும். அசல் நேவியின் அளவு .36; சட்டம் இரும்பு. பித்தளைச் சட்டம் தென்மாநிலங்களின் ஏழ்மையால் வந்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜார்ஜியாவில் க்ரிஸ்வால்ட் என்பவரின் பட்டறை பித்தளையை வார்த்து மூவாயிரத்துச் சொச்சம் ரிவால்வர்கள் செய்தது. அவையும் .36-தான். பித்தளையும் .44-உம் சேர்ந்த '1851 நேவி' சரித்திரத்தில் எந்தச் சிப்பாயின் இடுப்பிலும் இருந்ததில்லை. போதாததற்கு, பித்தளை மெத்தென்ற உலோகம். மருந்தை அதிகமாகப் போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் சட்டம் நெகிழ்ந்துவிடும்.

எனக்கு இதைப் படித்தபோது நம் சரித்திர நாவல்கள் ஞாபகம் வந்தன. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பளபளப்புக்காகப் பித்தளை, பலத்துக்காகப் பெரிய குண்டு, நம்பிக்கைக்காக ஒரு வருஷத்து இலக்கம். மூன்றும் சேர்ந்த பொருள் எந்தக் காலத்திலும் கிடையாது.

இலக்கம்கூட ஏமாற்றும். ரெமிங்டன் கம்பெனியின் ரிவால்வரை எல்லோரும் '1858 மாடல்' என்கிறார்கள். அதன் குழலில் பொறித்திருக்கும் பேட்டன்ட் தேதி 1858 செப்டம்பர். அதனால் வந்த பெயர். அந்த உருவத்தில் அது பட்டறையிலிருந்து வந்தது 1863 முதல்தான். 1859-இல் நடக்கும் கதையில் ஒருவன் இதைத் தூக்கினால், ஆசிரியர் கடைப்பலகையைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துவிடும். மற்றபடி ரெமிங்டன் கெட்டியான துப்பாக்கி. உருளைக்கு மேலே இரும்புப் பட்டை ஓடுவதால் சட்டம் ஒரே துண்டு. உருளையைச் சுலபமாகக் கழற்றலாம். கெட்டித்த வேறோர் உருளை பையில் இருந்தால் அதை மாட்டிக்கொள்ளலாம். 'பேல் ரைடர்' என்ற 1985-ஆம் வருஷத்துப் படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இப்படித்தான் உருளை மாற்றுகிறார். ஆனால் கருமருந்தின் கரி படிந்து படிந்து ரெமிங்டனின் உருளை சீக்கிரம் இறுகிக்கொள்ளும். கோல்ட்டில் உருளை சுழலும் அச்சில் கொழுப்பு தங்கப் பள்ளங்கள் இருப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குப் பதிலாகக் கோல்ட்டுக்கு வேறு சங்கடம்: வெடித்த கேப்பின் செப்புத் துணுக்குகள் குதிரையின் இடுக்கில் விழுந்து இயக்கத்தை அடைத்துவிடும். கடைக்காரனுக்கு இவை குறைகள். கதாசிரியனுக்கு இவைதான் சரக்கு. எதில் எந்த இடத்தில் சிக்கும் என்று தெரிந்து பொறுக்குகிறவன் பாதிக் கதையைப் பொறுக்கிவிட்டான் என்பேன்.

ஸெர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்டு தி அக்லி' என்ற 1966-ஆம் வருஷத்து இத்தாலியப் படத்தில், ரிவால்வர் பொறுக்குவதற்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. டூகோ என்ற கொள்ளைக்காரன் - ஈலை வாலக் நடித்திருக்கிறார் - பாலைவனத்தில் கைவிடப்பட்டு, உதடு வெடித்து, தள்ளாடிக்கொண்டு ஒரு ஊருக்கு வந்து சேர்கிறான். தண்ணீர் குடித்துவிட்டு நேரே துப்பாக்கிக் கடைக்குப் போகிறான். கடைக்காரக் கிழவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். டூகோ ஒன்றின் குழலைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறான். இன்னொன்றின் உருளையைக் காதோரம் வைத்துச் சுழற்றிக் கேட்கிறான். பிடிக்காததை ஒதுக்குகிறான். ஒன்றின் குழல், ஒன்றின் உருளை, ஒன்றின் சட்டம் என்று பொறுக்கி, தனக்கென்று ஒரு ரிவால்வரை மேஜை மேலேயே கூட்டிவிடுகிறான். கொல்லைப்புறத்தில் சுட்டுப் பார்க்கிறான். விலை கேட்கிறான். பிறகு அந்தத் துப்பாக்கியையே கிழவர் பக்கம் திருப்பிக் கல்லாப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

இது நடக்கிற காரியமா என்றால், அநேகமாக நடக்காது. கோல்ட் கம்பெனி தன் ரிவால்வர்களின் முக்கிய உறுப்புக்கள் ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணைக் குத்தியது. இன்னின்ன உறுப்பு இன்னின்னதற்குப் பொருந்தும்படி அரம் போட்டு முடித்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றின் உருளை மற்றொன்றின் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அறையும் குழலும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருந்தாலும் அந்தக் காட்சியை நான் மன்னிப்பேன். மன்னிப்பது என்ன, படத்திலேயே அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏனென்றால் அதுவரைக்கும் நாம் டூகோவை வாயாடி, அழுக்கன், கோமாளி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். உருளையைக் காதில் வைத்த கணத்தில் அவன் தொழிலாளியாகிவிடுகிறான். தவில் வித்வான் வாரை இழுத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பாரே, அந்த முகம். துப்பாக்கியைப் பற்றிய உண்மை அங்கே கொஞ்சம் அடிபடுகிறது. மனிதனைப் பற்றிய உண்மை அந்த இடத்தில் ஏறுகிறது. இந்த வியாபாரத்தில் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது வேறு இடத்தில். படம் நடப்பது 1862-இல், நியூ மெக்ஸிகோவில். ஆனால் அத்தனை பேர் இடுப்பு வாரிலும் உலோகத் தோட்டாக்கள் வரிசையாக மின்னுகின்றன. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கையில் இருப்பது தோட்டா போடும்படி மாற்றி அமைத்த நேவி. வெள்ளிப் பாம்பு பதித்த பிடி. இப்படி மாற்றிய கோல்ட்டுகள் வந்தது 1869-க்குப் பிறகுதான். ஏழெட்டு வருஷப் பிசகு என்று பஞ்சாங்கம் பார்த்து நான் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பிசகினால் லியோனி இழந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஹோட்டல் அறையில் ஈஸ்ட்வுட் தன் ரிவால்வரைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் பட்டாளம் ஆரவாரத்தோடு பின்வாங்கிப் போகிறது. அந்தச் சத்தத்தில் மறைந்து டூகோவின் ஆட்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். பட்டாளம் ஒரு கணம் நிற்கிறது, ஓசை அடங்குகிறது, படியில் குதிமுள் கிணுங்கும் சத்தம். ஈஸ்ட்வுட் துண்டுகளை அவசரமாகச் சேர்க்கிறார். கதவு திறக்கும்போது துப்பாக்கி தயார். எத்தனை அருமையான காட்சி! ஆயுதம் ஆயுதமாக இல்லாத சில நொடிகளை வைத்துக் கட்டியது. இதே காட்சியில் மருந்தும் குண்டும் கேப்பும் தனித்தனியாக மேஜையில் கிடந்திருந்தால்? ஒரே ஓர் அறையை மட்டும் கெட்டிக்க நேரம் இருந்திருந்தால்? படியில் மூன்று பேர், அறையில் ஒரு குண்டு. லியோனியைப் போன்ற கலைஞன் கையில் அது என்னவாக ஆகியிருக்கும்!

கடைசிக் காட்சியிலும் இதே கதைதான். கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேர் மும்முனையாக நிற்கிறார்கள். டூகோவின் துப்பாக்கி வெடிப்பதில்லை. முந்தின இரவே ஈஸ்ட்வுட் அதைக் காலி செய்துவிட்டார் என்று பிறகு தெரிகிறது. கேப்பு ரிவால்வராக இருந்தால் காலி செய்யவே வேண்டாமே! தூங்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு செப்புக் குல்லாய்களையும் நகத்தாலோ கத்தி முனையாலோ கழற்றினால் போதும். மருந்து உள்ளே இருக்கும். குண்டு உள்ளே இருக்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆறு அறையும் நிறைந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் கனமும் குறையாது. உயிர் மட்டும் இருக்காது. டூகோ, துப்பாக்கியைக் காதால் அறிந்தவன், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நம்பிக்கையோடு வட்டத்துக்குள் நடந்து வருகிறான்! காலம் தன் மடியில் வைத்துக் கொடுத்த சந்தர்ப்பத்தை லியோனி பார்க்காமல் போய்விட்டார் என்பது என் வருத்தம். (குளியல் தொட்டியில் சோப்பு நுரைக்குள்ளிருந்து டூகோ ஒருவனைச் சுடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த கேப்பு வெடிக்குமா என்று தீபாவளியன்று மழையில் அகப்பட்ட எந்தப் பையனையும் கேட்கலாம்.)

லியோனிக்கு நேர் எதிரான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சார்ல்ஸ் போர்ட்டிஸ் எழுதிய 'ட்ரூ கிரிட்' என்ற நாவல் 1968-இல் வந்தது. மாட்டி ராஸ் என்ற பதினாலு வயசுப் பெண், தன் தகப்பனைக் கொன்ற டாம் சேனியைத் தேடிப் போகிற கதை. அவளே கிழவியான பிறகு சொல்கிறாள். கதை நடப்பது 1870-களின் பிற்பகுதி. அதற்குள் கோல்ட் கம்பெனியே 1873-இல் தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கலாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் இருப்பது தகப்பனார் விட்டுப்போன கோல்ட் 'டிராகூன்'. கேப்பு வைக்கிற பழைய மாடல். எடை நாலு பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய இரண்டு கிலோ. அதை ஒரு சர்க்கரைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். நம் வீடுகளில் தாத்தாவின் பாக்கெட் கடிகாரம் நிற்கிறது என்று தெரிந்தும் மாட்டிக்கொண்டு போவதில்லையா, அதுபோல.

இந்தப் பொறுக்கலில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆற்றோரத்தில் அவள் திடீரென்று சேனியை எதிரே காண்கிறாள். துப்பாக்கியை நீட்டுகிறாள். குதிரை முழுக்கப் பின்னுக்கு வரவில்லை. எப்படி இழுக்க வேண்டும் என்று அந்தக் கொலைகாரனே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இழுக்கிறாள், சுடுகிறாள், குண்டு விலாவில் படுகிறது. அவன் ஆச்சரியப்பட்டுப்போகிறான். மறுபடி சுடுகிறாள். வெடிக்கவில்லை. நல்ல துப்பாக்கியாக இருந்தால் கதை அந்த ஆற்றோரத்திலேயே முடிந்திருக்கும்: பெண் வஞ்சம் தீர்த்தாள், சுபம். வெடிக்காததால் அவள் அகப்பட்டுக்கொள்கிறாள். அவளை மீட்க ரூஸ்டர் காக்பர்ன் என்ற குடிகாரப் போலீஸ்காரன் நாலு பேருக்கு எதிரே தனியாகக் குதிரையை விட வேண்டியதாகிறது. நாவலின் சிகரமே அந்த வெடிக்காத அறையிலிருந்துதான் முளைக்கிறது. அது ஆசிரியர் வசதிக்காகச் செய்த சூழ்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பையில் கிடந்து குலுங்கிய பழைய கேப்பு ரிவால்வர் அப்படித்தான் செய்யும்.

முடிவில் அதே டிராகூனால் அவள் சேனியைச் சுட்டே விடுகிறாள். இந்தத் தடவை வெடிக்கிறது. வெடித்த உதையில் அவள் பின்னால் சாய்ந்து, பாம்புகள் அடைந்திருக்கும் குழிக்குள் விழுகிறாள். அதில் ஒரு கையை இழக்கிறாள். தகப்பனின் ஆயுதம் மகளுக்காக வஞ்சம் தீர்த்தது, அதற்குக் கூலியாக ஒரு கையையும் எடுத்துக்கொண்டது. போர்ட்டிஸ் இப்படியெல்லாம் வியாக்கியானம் செய்வதில்லை. எடையைச் சொல்கிறார், உதையைச் சொல்கிறார், மேலே போய்விடுகிறார்.

கோயன் சகோதரர்கள் 2010-இல் இதைப் படமெடுத்தபோது, பெரும்பாலும் நாவலை மரியாதையோடு பின்பற்றினார்கள். ஆற்றோரக் காட்சியும் இருக்கிறது, வெடிக்காத அறையும் இருக்கிறது. ஆனால் கடைசிச் சூட்டில் பெண்ணின் கையில் டெக்ஸாஸ்காரனுடைய ஷார்ப்ஸ் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். நீளத் துப்பாக்கி பலமாக உதைக்கும். பெண் குழியில் விழுவது கண்ணுக்கு நம்பும்படி இருக்கும். தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் அந்த ஷார்ப்ஸ் அவளுக்கு யார்? அவள் சர்க்கரைப் பையில் தூக்கி வந்தது அது இல்லையே! நம்பவைப்பதற்காகத் துப்பாக்கியை மாற்றினார்கள். மாற்றிய இடத்தில் தகப்பனார் காணாமல் போய்விட்டார்.

இன்னொரு படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஈஸ்ட்வுட் 1976-இல் இயக்கி நடித்த 'தி அவுட்லா ஜோஸி வேல்ஸ்'. அதில் அவர் இரண்டு பெரிய 'வாக்கர்' ரிவால்வர்களையும் மேலும் இரண்டு துப்பாக்கிகளையும் சுமக்கிறார். 1847-இல் வந்த வாக்கர் நாலரைப் பவுண்டு கனம். சுட்ட அதிர்ச்சியில் அதன் நெம்புகோல் தானே கீழே விழுந்து உருளையை மறித்துக்கொள்ளும் என்பது அதன் பிரசித்தமான குறை. நாலு துப்பாக்கி எதற்கு? வீரத்துக்கு அல்ல. மிஸௌரியில் குதிரையேறிப் போராடிய கொரில்லாக்கள் அப்படித்தான் மூன்று, நாலு என்று கட்டிக்கொண்டு போனார்கள். குதிரை மேல் கெட்டிக்க முடியாது. ஒன்று தீர்ந்தால் அடுத்ததை உருவ வேண்டும். படத்தின் முடிவில் தன் குடும்பத்தை அழித்தவனை எதிரே நிறுத்தி, ஜோஸி நாலு துப்பாக்கியையும் ஒன்றன் பின் ஒன்றாக உருவி விசையை அழுத்திக்கொண்டே நெருங்குகிறான். எல்லாம் காலி. கிளிக், கிளிக் என்ற சத்தம் மட்டும். சுடுகிற சத்தத்தைவிட அது பயங்கரமாக இருக்கிறது. நாலு துப்பாக்கி, ஒரு குண்டு இல்லை, கெட்டிக்க நேரமும் இல்லை. அதைப் பொறுக்கியவர் சரியாகப் பொறுக்கினார்.

என் தொடர்கதை புத்தகமானபோது பதினெட்டாவது அத்தியாயத்தைத் திருத்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். திருத்திய விதம் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ராம்தீனைப் பிழைக்க வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருபது அத்தியாயத்தையும் மறுபடி எழுத வேண்டும். ஆகவே ஜோஸி வேல்ஸிடமிருந்து கடன் வாங்கினேன். அதிகாரியின் இடுப்பில் இரண்டாவது ரிவால்வர் ஒன்றைச் செருகிவிட்டேன். 'சட்டென்று தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு' என்பதை அடித்துவிட்டு, 'இடுப்பிலிருந்த மற்றொன்றை உருவி' என்று எழுதினேன். மூன்று வார்த்தையில் வேலை முடிந்தது. ராம்தீன் முன்போலவே செத்தான்.

புத்தகம் வந்து இரண்டு மாசத்தில் அதே கையெழுத்தில் இன்னொரு கார்டு வந்தது.

"ஐயா, திருத்தத்தைக் கண்டு சந்தோஷம். ஆனால் அன்று இரவே, பதினாறாவது அத்தியாயத்தில், தங்கள் அதிகாரி கழுத்தளவு தண்ணீரில் கங்கையைக் கடந்து வருகிறான். கேப்புகளைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டதாகத் தாங்கள் எழுதவில்லை. இரண்டாவது ரிவால்வர் இருக்கட்டும். முதல் ரிவால்வரின் ஆறு குண்டாவது வெடித்திருக்குமா என்று யோசிக்கிறேன்."

கார்டு என் மேஜை மேல் இருக்கிறது. மறுபதிப்புக்குப் பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார்.